பட்டாளத்துக்குப் போன பூட்டனார்: திருநெல்வேலிச் சிப்பாயைத் தேடும் வழிகள்

“பூட்டனார் பர்மாச் சண்டைக்குப் போனவர்.” திருநெல்வேலிப் பக்கத்தில் பட்டாளத்தார் வீடு என்று பெயர் வாங்கிய குடும்பங்களில் மிஞ்சியிருக்கும் செய்தி பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். எந்த பர்மாச் சண்டை என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1824இல் ஒன்று, 1852இல் ஒன்று, 1885இல் ஒன்று, ஜப்பானியர் வந்த 1942இல் ஒன்று. நான்கிலும் சென்னை மாகாணத்து ஆட்கள் இருந்தார்கள். முதல் சண்டைக்கும் கடைசிச் சண்டைக்கும் இடையில் நான்கைந்து தலைமுறை ஓடியிருக்கிறது.

அந்நிய ஆட்சி நடத்திய போர்களில் சிப்பாயாக இருந்த ஒருவரை இன்று தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு எவ்வளவு தூரம் கண்டறிய முடியும்? வம்சாவளி ஆர்வலர்களின் கேள்வி போலத் தோன்றினாலும், இது அதைவிடப் பழைய ஒரு கேள்வியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. திருநெல்வேலிச் சிப்பாய் என்பவர் யார், அவர் ஏன் போனார் என்பதே அந்தப் பழைய கேள்வி. படை அதிகாரிகள், மிஷனரிமார், தேசிய வரலாற்றாசிரியர்கள், சமூக வரலாற்றாசிரியர்கள் என்று பலரும் அதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். யார் எந்த விடையை நம்புகிறாரோ அதற்கேற்ப ஒரு குறிப்பிட்ட அலமாரியைத் திறக்கிறார். மற்றவற்றை மூடியே விட்டுவிடுகிறார். ஆகவே முன்னோரைத் தேடுகிறவர் அந்த விடைகளையும் சற்று உரசிப் பார்த்துக்கொள்வது நல்லது.

பாளையங்கோட்டை என்னும் பெயர்

தேடல் பலருக்கும் தொடங்குமிடம் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படை. பெயரிலேயே நம்மூர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய கடற்கரைச் சிப்பாய்ப் பட்டாளங்களில் ஒன்றுதான் இதன் மூலம். பிறகு அது சென்னைச் சுதேசிக் காலாட்படையின் 3ஆம் பிரிவாக நீண்ட காலம் இருந்தது. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படை முழுவதற்கும் ஒரே எண் வரிசை கொடுத்தபோது சென்னைக் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. 3 என்பது 63 ஆனது அப்படித்தான். 13 என்பது 73, 23 என்பது 83. இந்தக் கூட்டல் கணக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆனால் படைப்பிரிவுகளுக்கு ஊர்ப்பெயர் வந்தது பெரும்பாலும் அவை நிலைகொண்ட, பணிபுரிந்த இடத்தை ஒட்டி. ஆள் எடுத்த இடத்தை ஒட்டி அல்ல. சென்னைக் காலாட்படைக்கு மாகாணம் முழுவதிலிருந்தும் ஆள் சேர்ந்தார்கள். முஸ்லிம்கள், ‘தமிழர்’, பறையர், கிறிஸ்தவர் என்று வகுப்புவாரியாகப் படைக்குள் ‘கம்பெனி’ என்னும் உட்பிரிவுகள் பிரிக்கப்பட்டிருந்தன. 63ஆம் படையில் இருந்தவர் வடாற்காட்டுக்காரராகவும் இருக்கலாம். பாளையங்கோட்டையிலேயே பிறந்தவர் வேறு எண் கொண்ட படையில் செகந்திராபாத்தில் கிடந்திருக்கவும் கூடும். பெயரை நம்பி இறங்குகிறவர்கள் தவறான பட்டியலை வருடக்கணக்கில் புரட்டும் ஆபத்து இருக்கிறது.

எண்ணிலும் ஒரு கண்ணி உண்டு. குடும்பத்தில் “மூணாம் நம்பர் பட்டாளம்” என்று சொல்லிவந்தால், 1903க்கு முன் அது பாளையங்கோட்டைப் படை. 1922 மறுசீரமைப்புக்குப் பின் ‘3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட்’ என்ற புதிய அமைப்பு வந்தது. 73, 75, 79, 83, 86 ஆகிய எண்களில் இருந்த பட்டாளங்களைச் சேர்த்து உருவாக்கியது அது; 63 அதில் இல்லை. எண் ஒன்றாக இருந்தும் இரண்டும் வெவ்வேறு படைகள். அந்த ரெஜிமென்டும் 1920களின் முடிவுக்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர் நெருக்கியபோது 1941இல் மீண்டும் திரட்டப்பட்டது.

பாளையங்கோட்டைப் படையின் பெயர் உலகப் போர் நூல்களில் அடிபடுவது பெருமைக்குரிய காரணத்தால் அல்ல. 1914 நவம்பர் தொடக்கத்தில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியாவிலிருந்து போன ஒரு படை முயன்றது. அதில் 63ஆம் படையும் இருந்தது. வாரக்கணக்கில் கப்பலிலேயே அடைந்து கிடந்து, அறிமுகமில்லாத புதர்க்காட்டில் இறக்கப்பட்ட அந்தச் சிப்பாய்களின் அணி, நவம்பர் 4ஆம் தேதிச் சண்டையில் குலைந்தது. சண்டைக்கு நடுவே தேனீக் கூட்டம் கிளம்பிச் சிப்பாய்களைக் கொட்டியதும் அன்றுதான். எதிரில் இருந்தவர் ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக். எண்ணிக்கையில் குறைந்த படையை வைத்துக்கொண்டு வென்றார். திட்டமிடலின் ஓட்டைகளுக்கு ஆங்கிலேயத் தளபதி எயிட்கென் பதில் சொல்ல வேண்டியிருந்தாலும், பழியின் பெரும் பங்கு ‘சண்டைக்கு லாயக்கில்லாத தெற்கத்தியான்’ தலையில் விழுந்தது. டாங்காவைப் பற்றிப் படிக்கும்போது அங்கே ஓடியவர் யார் என்பதைவிட, ஓட்டத்தை யார் எழுதினார்கள் என்று கவனிப்பது பயன் தரும். எழுதியவர்கள் எல்லாரும் அதிகாரிகள். சிப்பாய்களின் வாக்குமூலம் நூல்களில் அனேகமாக இல்லை.

அதிகாரிகள் சொன்ன விடை

‘லாயக்கில்லாத தெற்கத்தியான்’ என்ற கருத்து டாங்காவில் பிறந்ததல்ல. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும் பிறகு இந்தியப் படைக்கே தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ், நீண்ட அமைதி தென்னாட்டுச் சிப்பாயின் போர்க்குணத்தை மழுங்கடித்துவிட்டது என்று உறுதியாக நம்பினார். ரஷ்யா வடமேற்கிலிருந்து வரும் என்ற அச்சம் அந்தக் காலத்தில் ஆங்கிலேயரை ஆட்டிப்படைத்தது. ஆள்சேர்ப்பு பஞ்சாபுக்கும் நேபாளத்துக்கும் நகர்ந்தது. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன.

இந்த வாதத்தின் பலவீனம் வெளிப்படையானது. தெற்கத்தியானைப் போருக்கு அனுப்பவில்லை, ஆகவே அவன் போர் பழகவில்லை. போர் பழகவில்லை, ஆகவே அவனை அனுப்புவதற்கில்லை. சில இனத்தாரே சண்டைக்குப் பிறந்தவர்கள் என்னும் இந்தப் ‘போர்க்குடி’க் கோட்பாட்டை டேவிட் ஒமிசி, ஹீதர் ஸ்ட்ரீட்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் அதன் அரசியல் பின்னணியோடு ஆராய்ந்திருக்கிறார்கள்.

திருநெல்வேலியில் இந்தக் கோட்பாட்டுக்கு இன்னொரு முரண்பாடு உண்டு. 1801 டிசம்பரில் சென்னை அரசு வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரர் நாட்டில் ஆயுதங்களைப் பறித்தது. காவல் முறை சிதைந்தது. நூறாண்டு கழித்து அதே அரசு, 1911ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தைத் தென்மாவட்டக் கள்ளர், மறவர் பிரிவுகள் மேல் ஏவியது. படைக்கு எடுக்கும்போது இந்த மண்ணின் மனிதர் சாது. போலீஸ் பதிவேட்டில் ஏறும்போது பிறவி முரடர். இரண்டையும் ஒரே நிர்வாகம்தான் எழுதியது.

அதிகாரிகளின் நூல்களைத் தள்ளிவிடவும் முடியாது. டபிள்யூ. ஜே. வில்சன் 1880களில் வெளியிட்ட சென்னைப் படை வரலாற்றுத் தொகுதிகள் இல்லாமல் எந்தப் பட்டாளம் எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்று சொல்வது கடினம். ஜேம்ஸ் வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் 1801இன் பாஞ்சாலங்குறிச்சிப் போரை நேரில் கண்டவர் எழுதியவை. மிஷனரியான கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரமும் எச். ஆர். பேட் 1917இல் தொகுத்த மாவட்டக் கெசட்டியரும் அடிப்படைச் சட்டகம் தருகின்றன. படைகளின் நடமாட்டத்தை இவை காட்டும். சிப்பாய் இவற்றில் ஒரு தொகையாக மட்டுமே வருகிறார்.

கட்டபொம்மனுக்கு எதிரில் நின்றவர்கள்

தேசிய வரலாறு விடையைத் தலைகீழாக்கியது. கே. ராஜய்யன் 1800–1801 பாளையக்காரர் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போராகவே வாதிட்டார். கட்டபொம்மனைப் பற்றிய 1959 திரைப்படத்துக்குப் பின் அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799 அக்டோபர் 16 தமிழ்நாட்டுப் பொது நினைவில் நிலைபெற்றுவிட்டது. இந்தக் கதையில் கம்பெனிச் சிப்பாய்க்கு ஒதுக்கப்பட்ட இடம் கூலிப்படையினன் என்பதே. முன்னோர் சிப்பாய் என்று தெரியவந்தால் சில குடும்பங்கள் அதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்வதற்கும், ‘அவர் உள்ளிருந்தே எதிர்த்தவர்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தப் பார்வை கண்டுகொள்ளாத உண்மை ஒன்று உண்டு. 1799இல் கம்பெனித் தளபதி பானர்மேனோடும் 1801இல் தளபதிகள் மெக்காலே, அக்னியூ ஆகியோரோடும் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்ட படையில் வெள்ளையர் சிறு பகுதி. மற்றவர்கள் இந்த மாகாணத்தின் சிப்பாய்கள். கூடவே எட்டயபுரத்தின் ஆட்களும் நின்றார்கள். அதற்கு முன்பே, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான் கம்பெனியின் சிப்பாய்த் தளபதியாக நெற்கட்டான்செவல் பூலித்தேவரோடு மோதியவர். பிறகு கம்பெனிக்கே எதிரியானவர். யார் எந்தப் பக்கம் என்பது அன்று பத்தாண்டுக்கொருமுறை மாறியது. 1801இல் தோற்ற பாளையக்காரர்களின் ஆட்கள் சில ஆண்டுகளுக்குள் கம்பெனிப் படையில் சேர்ந்ததாகவும், 1806 ஜூலை 10 வேலூர்க் கிளர்ச்சியில் முன்னின்ற 23ஆம் படையின் இரண்டாம் பட்டாளத்தில் திருநெல்வேலிச் சீமையார் கணிசமாக இருந்ததாகவும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கே. ஏ. மணிக்குமார் வேலூர்க் கிளர்ச்சியைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். இது சரியென்றால் ‘எதிர்த்தவர்’, ‘ஊழியம் செய்தவர்’ என்ற பிரிவினை ஒரே ஆளின் ஆயுளுக்குள்ளேயே உடைகிறது.

தோற்ற பக்கத்துக்குச் சம்பளப் பட்டியல் இல்லை. அங்கே கிடைப்பவை கதைப்பாடல்கள். நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலும் யூசுப் கானைப் பாடும் கான்சாகிபு சண்டையும் பெயர்களால் நிறைந்தவை. எனினும் பாடல் கேட்பவருக்கேற்ப வளரும் இயல்புடையது. பிற்காலச் சாதி வரலாறுகள் அந்தப் பெயர்களை எடுத்துத் தத்தம் வம்சத்தில் கோத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பெயர் பாடலில் இருப்பது அந்த ஆள் மக்கள் நினைவில் இருந்தார் என்பதற்குச் சான்று. அவருக்கும் நமக்கும் இடையிலான ரத்த உறவுக்கான சான்றை வேறெங்காவதுதான் தேட வேண்டும்.

வயல், மானாவாரி, கொழும்புக் கப்பல்

மூன்றாவது விடை சமூக வரலாற்றினுடையது. வட இந்தியாவைப் பற்றி டிர்க் கோல்ஃப் 1990இல் எழுதிய நூல், சிப்பாய் வேலையை உழவனின் பருவகாலப் பிழைப்புகளில் ஒன்றாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது. திருநெல்வேலிக்கு டேவிட் லட்டன் 1985இல் எழுதிய உழவர் வரலாறு அதற்கு நிகரான நிலவியல் அடித்தளத்தைத் தருகிறது. இரு பருவமழையாலும் நீர் பெறும் தாமிரபரணிக் கரை நன்செய்யில் பிராமண, வேளாள மிராசுகளும் அவர்கள் நிலத்தில் உழைத்த பள்ளர், பறையர் குடிகளும். வடக்கில் விரியும் மானாவாரிக் கரிசலிலும் மேற்கிலும் மறவர், நாயக்கர் பாளையங்கள். தெற்கே தேரிக்காட்டில் நாடார்கள். ஆற்றங்கரை மிராசுதாரின் மகன் பட்டாளத்துக்குப் போக வேண்டிய அவசியம் குறைவு; மழை பொய்த்த கரிசல்காட்டு இளைஞனுக்கோ நிலமில்லாத பண்ணையாளுக்கோ அது கூடுதல் என்று ஊகிக்க இடமுண்டு.

ஊகம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் திருநெல்வேலி ஏழைக்குப் பட்டாளம் ஒன்றே வழியாக இருக்கவில்லை. தூத்துக்குடியில் கப்பலேறினால் இலங்கை. அங்கே காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. கங்காணியின் முன்பணம் ஆள்சேர்ப்பு ஹவில்தாரின் பேச்சைவிடப் பக்கத்தில் இருந்தது. “அக்கரைக்குப் போனவர்” என்ற குடும்பச் சொல் பட்டாளத்தைக் குறிக்கிறதா, தோட்டத்தையா என்பதை முதலில் தெளிய வேண்டும். 1796இல் கொழும்பை டச்சுக்காரரிடமிருந்து பிடித்ததும் சென்னைப் படைகள்தான் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இந்தப் பார்வையால் கிடைத்த பெரிய லாபம், பறையர், கிறிஸ்தவர் முதலியோரைச் சிப்பாய் வரலாற்றுக்குள் மீட்டதுதான். தொடக்ககாலச் சென்னைப் படை சாதி பார்த்து ஆளைத் தள்ளியது குறைவு; பிற்காலத்தில்தான் வரம்புகள் இறுகின. ஆனால் சமூக வரலாறு மாவட்டத்தைக் காட்டும், தாலுகாவைக் காட்டும்; தனி ஆளைக் காட்டாது. பேரனுக்கு வேண்டியதோ அந்தத் தனி ஆள்.

எண்ணப்பட்டார்கள், எழுதப்படவில்லை

தனி ஆளின் பெயர் கிடைக்காததைக் கரையான் மேல் போடுவது வழக்கம். கரையானுக்கு அதில் பங்கு குறைவு. பெயர் எழுத வேண்டியதில்லை என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. கம்பெனிக் காலப் போர் அறிக்கைகளில் வெள்ளை அதிகாரி பெயரோடு சாவார். சிப்பாய்கள் இத்தனை பேர் என்று எண்ணாகச் சாவார்கள். 1801இல் பாஞ்சாலங்குறிச்சியில் மார்ச் 31 தாக்குதல் தோற்று, மே 24இல் கோட்டை விழுந்தது. அங்கே மாண்ட அதிகாரிகளுக்கு ஒட்டப்பிடாரம் பக்கத்தில் கல்லறைகள் உண்டு. ஜே. ஜே. காட்டன் 1905இல் மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்தபோது இப்படிப்பட்டவர்களைத்தான் தொகுக்க முடிந்தது. அவர்களுக்கு முன்னால் ஏணி பிடித்துச் சரிந்த சிப்பாய்களுக்குக் கல் இல்லை. 1809இல் திருவிதாங்கூர் எல்லைச் சண்டையில் காயப்பட்டுச் செத்த கேப்டன் போல் என்ற வெள்ளைக்காரரின் கல்லறையில் சாராயமும் சுருட்டும் படைத்து மக்கள் கும்பிட்டதைக் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். அதே சண்டையில் விழுந்த உள்ளூர்ச் சிப்பாய் தன் வீட்டில் தெய்வமாகியிருந்தால், அதைப் பதிந்தவர் இல்லை.

முதல் உலகப் போருக்குப் பின்பும் இதே முறைதான். மாகாணத்தின் பல ஊர்களில் தாலுகா அலுவலகச் சுவரிலோ சாவடியிலோ ஒரு சலவைக்கல் பலகை இருக்கும்: இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில். ஊர் இருக்கிறது, எண் இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கான பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் இந்தியச் சிப்பாய்கள் படைவாரியாக எண்ணாகவே குறிக்கப்பட்டனர். 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரின்றியோ முற்றிலும் நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று ஒப்புக்கொண்டது. அதில் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும் பெருந்தொகை, இந்தியரும் உண்டு.

பெயரோடு எழுதப்பட்ட சிப்பாய்கள் யார் என்று பார்த்தால், ஒருவர் வீரப் பதக்கம் வாங்கியவர், மற்றவர் தண்டனை வாங்கியவர். வேலூர்க் கிளர்ச்சி விசாரணைத் தாள்களில் சிப்பாய்களின் பெயரும் பேச்சும் கிடைப்பது அவர்களைச் சுடுவதற்கும் தூக்கிலிடுவதற்கும் அவை தேவைப்பட்டதால்தான். ஒழுங்காக வேலை பார்த்து, சண்டையில் அடிபடாமல், வீடு திரும்பியவரே ஆவணத்தில் மிக மங்கலாக இருக்கிறார். நம் பூட்டனார்களில் பெரும்பாலோர் அந்த வகை.

பணம் போன வழி

போர்க்களத்தில் கிடைக்காத பெயர் கஜானாவில் கிடைக்க வாய்ப்புண்டு. மூன்று விடைகளையும் ஒட்டிப் பார்க்கும்போது எனக்கு மிகவும் உறுதியாகத் தோன்றுவது இதுதான். சர்க்கார் சிப்பாயின் சாவை எண்ணிக்கையாக எழுதிவிட்டுப் போகலாம். சம்பளத்தையும் பென்ஷனையும் அப்படி எழுத முடியாது. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, சாதி, உயரம், அடையாளம் இவையெல்லாம் இல்லாமல் ரூபாய் கைமாறாது.

வெளிநாட்டுப் போருக்குப் போன சென்னைச் சிப்பாய் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவிட்டுப் போகலாம். சிப்பாயின் மகனைச் சிறு வயதிலேயே ‘ரெக்ரூட் பாய்’ என்று பட்டியலில் சேர்த்துச் சிறு தொகை கொடுக்கும் வழக்கமும் இருந்தது. வங்காளப் படை போலன்றி, சென்னைப் படையில் மனைவி மக்கள் பட்டாளத்தோடே முகாம் முகாமாக நகர்ந்தார்கள். ஆகவே திருநெல்வேலிச் சிப்பாயின் பிள்ளை நாகபுரி அருகே காம்டியிலோ மோல்மீனிலோ பிறந்திருக்கலாம். ஊரில் பிறப்புத் தடயம் இல்லையே என்று தேடலை நிறுத்திவிடக் கூடாது.

இந்தத் தாள்கள் எங்கே? 1895 வரை சென்னைப் படை தனிப் படை. அதுவரையிலான ராணுவத் துறை நடவடிக்கைகள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில். அதற்குப் பின் படை இந்திய அரசின் கைக்குப் போனதால் தேடலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நகர வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ஐரோப்பியரின் ஆள்பட்டியல்கள் சிறப்பாக உண்டு. சிப்பாய் அங்கே கிடைப்பது பதக்கப் பட்டியல் போன்ற ஓரங்களில்தான். இரண்டாம் உலகப் போர்க்காரர்களுக்கு நிலைமை தேவலை. அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனிலும், சாப்பர் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரிலும் ஆவண அலுவலகங்கள் உண்டு. அங்கே கேட்க வேண்டியது ‘ஷீட் ரோல்’ என்னும் பணிப் பதிவுத்தாள். வாங்குவதற்கு அவருக்குரிய தனிப் படை எண் வேண்டும். எண் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் புத்தகத்திலோ பென்ஷன் தாளிலோ இருக்கும். இரண்டும் இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பழைய பதிவேடுகளில் பாட்டியின் பெயரைத் தேடலாம். உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர் அவர்தானே.

வீட்டுப் பெட்டியில் பதக்கம் கிடந்தால் அதை முன்பக்கம் பார்ப்பதோடு விட்டுவிடக் கூடாது. விளிம்பைத் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் படை எண், தரம், பெயர், பட்டாளம் ஆகியவை அந்த மெல்லிய ஓரத்தில் சிறு எழுத்தில் அச்சடிக்கப்பட்டிருக்கும். 1914–15 நட்சத்திரமாக இருந்தால் வழவழப்பான முதுகில். ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த போர்ப் பதக்கம் வெள்ளியானால் அவர் பெரும்பாலும் ஆயுதம் தாங்கியவர். வெண்கலமானால் தொழிலாளர் படையினராகவோ பட்டாளத்தோடு போன பணியாளாகவோ இருக்க வேண்டும். “எங்க தாத்தா சுபேதார்” என்று நூறாண்டு சொல்லிவந்த வீட்டில் வெண்கலம் வெளிவந்தால் சங்கடமாக இருக்கலாம். ஆனால் மெசபடோமியாவில் மூட்டை சுமந்தவரின் வரலாறு சுபேதாரின் வரலாற்றைவிட அரிது.

பர்மாக் குழப்பத்தையும் பதக்கமே தீர்க்கும். ரிப்பன் மேல் ‘ஆவா’ என்ற பட்டை 1824–26 போருக்கு, ‘பெகு’ 1852–53க்கு, ‘பர்மா 1885–7’ மூன்றாவதற்கு. பர்மா நட்சத்திரம் இரண்டாம் உலகப் போருக்கு. இவற்றில் முதலாவது கிடைப்பது மிக அபூர்வம். அந்தப் பதக்கம் 1851இல்தான் வழங்கப்பட்டது. கால் நூற்றாண்டு உயிரோடிருந்தவர்களே வாங்கினார்கள். வெள்ளி என்ற ஒரே காரணத்தால் மற்ற வெள்ளிப் பதக்கங்களிலும் எத்தனை தட்டார் பட்டறையில் உருகினவோ.

நிலப் பதிவேடுகளை இந்தத் தேடலில் பலர் மறந்துவிடுகிறார்கள். 1858இல் தொடங்கிய இனாம் கமிஷன் விசாரணைப் பதிவேடுகள் மானியம் யாருக்கு, எதற்காக, எந்த வாரிசு வழியில் வந்தது என்று சொல்பவை. ஊழியத்துக்காகக் கிடைத்த நிலம் குடும்பத்தில் இருந்திருந்தால் மூன்று தலைமுறைப் பெயர் ஒரே பக்கத்தில் அகப்படக்கூடும். பார்க்கும்போது எல்லைகளை நினைவில் கொள்ள வேண்டும்: பழைய ‘டின்னவெல்லி’ இன்றைய திருநெல்வேலி மட்டுமல்ல. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை அதில்தான் இருந்தன. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் பிரிந்தன. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சிப் பக்கம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபைப் பதிவேடு கூடுதல் துணை. பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் பெண்மணி கட்டிய ஆலயம் 1785இல் அர்ப்பணிக்கப்படுவதற்கு முன்பே, 1780இல், பாளையங்கோட்டைச் சபையின் 40 பேர் பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டிருந்தது. கோட்டைப் படையை ஒட்டி வளர்ந்த சபை அது.

பேரனுக்குத் தாத்தா பெயர்

ஆவணம் கிடைத்த பிறகும் ஒரு தொல்லை மிச்சமிருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். சங்கரலிங்கம் மகன் சுடலைமுத்து, சுடலைமுத்து மகன் சங்கரலிங்கம் என்று மாறி மாறி வரும் வம்சத்தில் ஆண்டு தெரியாமல் பெயரை மட்டும் பிடித்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தாவிவிடுவோம். இசக்கிமுத்து, பேச்சிமுத்து, அருணாசலம் என்று பத்துப் பெயருக்குள் பாதி ஊர் அடங்கிவிடும். ஆங்கில குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் வேறு; ஞானஸ்நானத்தில் பெயர் மாறியவர்கள் வேறு. தந்தை பெயர், ஊர், படை எண் இம்மூன்றில் இரண்டேனும் பொருந்தாமல் ‘இவர்தான் அவர்’ என்று முடிவு கட்டுவது அவசரம்.

குடும்ப நினைவைச் சான்றாக ஏற்பதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. தேதியிலும் பதவியிலும் அது பெரும்பாலும் பிசகும். நாயக் ஹவில்தாராவார், ஹவில்தார் சுபேதாராவார். ஆனால் இடப்பெயர்களில் அது சில சமயம் வியப்பூட்டும்படி சரியாக இருக்கும். பஸ்ரா என்றோ ரங்கூன் என்றோ ஒரு கிராமத்துப் பாட்டி சொல்வதற்கு அந்தப் பெயர் யாராவது கொண்டுவந்திருக்க வேண்டுமே.

இன்னும் முடியாத வேலை

கணினித் தரவுத்தளங்கள் மேல் இப்போது பெரிய நம்பிக்கை இருக்கிறது. பஞ்சாபில் அதற்கு நியாயமும் உண்டு. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பதிவேடுகளிலிருந்து முதல் உலகப் போருக்குப் போன சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் ஊர்வாரியாக 2021 முதல் இணையத்தில் ஏறத் தொடங்கின. தென்னாட்டுத் தேடுபவர்கள் அதைப் பார்த்து ஏங்குவது இயல்பு. என்றாலும் அந்தப் பதிவேடுகளே பஞ்சாப் ‘போர்க்குடி’ மாகாணம் என்பதால் ஆட்சியாளர் அக்கறையோடு எழுதிவைத்தவை. சென்னைக்கு அப்படி ஊர்வாரியான பொதுத் தரவுத்தளம் இன்று இல்லாததில் ராபர்ட்ஸின் கொள்கைக்கும் பங்கிருக்கிறது.

தீராத கேள்விகளில் முக்கியமானது சாதிப் பத்தி பற்றியது. ஆள்பட்டியலில் ‘தமிழர்’ என்று எழுதப்பட்டவர் யார்? எந்தக் கம்பெனியில் இடம் காலியோ அதற்கேற்பச் சாதி சொல்லிச் சேர்ந்தவர்கள் உண்டா? ‘கிறிஸ்தவர்’ என்ற பத்தி நாடாரையும் பள்ளரையும் பறையரையும் ஒன்றாக விழுங்கியதா? ஒரு தாலுகாவை எடுத்துக்கொண்டு, அதன் பென்ஷன் தாள்களையும் இனாம் பதிவேட்டையும் சபைப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஓரளவு தெரியவரும். மானாவாரியிலிருந்துதான் கூடுதல் பேர் போனார்கள் என்ற ஊகத்தையும் அப்போது சோதிக்கலாம். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக்குள் நின்றவர்களில் யாரேனும் 1806க்குள் கம்பெனிச் சட்டை போட்டார்களா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. அதற்குத் தேவையான இரு பட்டியல்களில் வேலூர்ப் பக்கத்துப் பெயர்கள் விசாரணைத் தாள்களில் ஓரளவு உண்டு. பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக்குக் கதைப்பாடலும் சரணடைந்தோர் பற்றிய கம்பெனிக் கடிதங்களும் மட்டுமே. இரண்டையும் பொருத்த முயல்கிறவர், பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஆளும் ஒன்று என்று கொள்ளக் கூடாது என்ற விதியோடுதான் தொடங்க வேண்டியிருக்கும்.